மாமாவுக்கு ஹெட் கிடைத்த கதை

என் காதை நான் நம்புவதில்லை. காய்காரர் விலை சொன்னால் இரண்டு தடவை கேட்பேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் ஒரு தடவை, ஐரோலியில் மகன் வீட்டுக்கு வந்து பேரனிடம் ஒரு தடவை வாசிக்கச் சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அதனால் வந்த பயம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் வந்தது இல்லை. எனக்கு ஒன்பது வயசு நடக்கும்போது ஒரே ஒரு வார்த்தையைத் தப்பாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்த ஒரு வார்த்தையால் தாராவியில் பதினோரு வீட்டுக்குக் கேசரி போயிற்று.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்கு டிராம்பே பக்கம் குழாய் பொருத்துகிற வேலை. பஸ் பிடித்துப் போய், பஸ் பிடித்து வருவதிலேயே அவருடைய பேச்செல்லாம் தீர்ந்துவிடும். அந்தக் குறையையும் சேர்த்துப் பேசி ஈடுகட்டியவர் எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாஹிமில் சேட்டு ஒருவரின் மோட்டார் காரேஜில் கையாள். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவதும்தான் வேலை என்றாலும், சாப்பிட உட்கார்ந்தால் பம்பாயில் ஓடுகிற அத்தனை வண்டியும் தன் கையால்தான் ஓடுகிறது என்கிற மாதிரி பேசுவார்.

மாமாவிடம் ஒரே ஒரு குறை. எதையும் முடிக்க மாட்டார். அம்மாவுக்கென்று அவர் அடிக்க ஆரம்பித்த பலகை ஒரு பக்கம் ஆணியிலும் மறுபக்கம் கயிற்றிலும் வருஷக்கணக்காகத் தொங்கியது. இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்று வாங்கினார்; ஏழாம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் கடைசிவரை ஏழாம் பக்கத்திலேயே இருந்தது.

செம்பூரில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் மாமா அவளை ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்தார். அன்றிலிருந்து காலையில் மூன்று தடவை தலை சீவினார். ஆனால் பெண்ணின் அப்பா, பையன் இன்னும் கையாளாகத்தானே இருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமா அதைச் சிரித்துக்கொண்டே கேட்டார். அன்று ராத்திரி மட்டும் தட்டில் போட்டது அப்படியே இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காரேஜில் நின்று மாமாவின் தூக்குச்சட்டியை வாங்கி வருவது என் வேலை. ஒரு திங்கள்கிழமை, சட்டியைக் கொடுக்கும்போது மாமாவின் முகம் எண்ணெயையும் மீறிப் பளபளத்தது. "அம்மாட்ட போய்ச் சொல்லுட்டி, சேட்டு இன்னைக்கு எனக்கு ஹெட்டைக் குடுத்துட்டான்னு" என்றார்.

எனக்குத் தெரிந்த ஹெட் ஒன்றே ஒன்று. எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். பிரம்பு வைத்திருப்பார். அதோடு, காரேஜின் தலைமை மெக்கானிக்கான ஹெட் மிஸ்திரி வேலையை விட்டு ஊருக்குப் போகப் போகிறார் என்று முந்தின வாரம்தான் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டையும் நானே கூட்டிப் பார்த்து, தூக்குச்சட்டி காலில் இடிக்க இடிக்க ஓடினேன்.

அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எம்மா, மாமாவ ஹெட்டாக்கிட்டாவ" என்றேன்.

"அவன் என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு."

"சேட்டு எனக்கு ஹெட்டைக் குடுத்துட்டான்னு சொல்லச் சொன்னாவ."

"ஆக்கிட்டான்னு சொன்னானா, குடுத்துட்டான்னு சொன்னானா?"

"குடுத்துட்டான்னுதான்."

அம்மாவின் கை முறத்தில் அப்படியே நின்றது. சந்தோஷத்தில் நின்றது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து ரவை டப்பாவை எடுத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமா சாக்குப்பை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். குழாயடியில் நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். "மிஸ்திரி வாராவ" என்று ஒருத்தி சொன்னதைக் கேலி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அம்மா கொடுத்த கேசரியைச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தட்டை வழித்த பிறகுதான், என்ன விசேஷம் என்று கேட்டார்.

"நீ ஹெட்டானதுக்கு."

மாமா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு சாக்குப்பையை அவிழ்த்தார். உள்ளே கறுத்த இரும்புப் பாளம் ஒன்று. முழங்கை நீளம். மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஓட்டைகள்.

"எக்கா, ஹெட்டுன்னா இதுதான். இஞ்சினுக்குத் தலையில மூடுத இரும்பு. சேட்டோட வண்டி மலபார் ஹில் ஏத்தத்துல மூச்சு வாங்குது. இஞ்சினையே மாத்தணும்னு மிஸ்திரி சொல்லுதாரு. நான் ஹெட்டுலதான் கோளாறுன்னு சொன்னேன். வாயை மூடட்டும்னு இதைத் தூக்கி என் கையில குடுத்துட்டான். இதான் சேதி."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அதற்குள் பதினோரு வீட்டுக்குக் கேசரி போயாயிற்று. அதில் ஒரு வீட்டுக்காரியின் ஒன்றுவிட்ட அக்கா செம்பூரில் அந்தப் பெண் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறாள். அம்மா என்னை அடிப்பாள் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அடிக்கவில்லை. கேசரிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"கேசரி போயிட்டு. இனி என்ன செய்ய? நீ ஹெட்டாவே ஆயிரு."

நான் பயந்தபடியே மூன்றாம் நாள் செம்பூரிலிருந்து ஆள் வந்தது. பையனுக்கு மேல் வேலை கிடைத்ததில் சந்தோஷம், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா வந்து வேலை செய்கிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்கிறார் என்று சொன்னார்கள். பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் கேசரி சாப்பிட்ட யாரைப் பார்த்தாலும் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன்.

மாமா காரேஜ் விட்டு வந்ததும் அந்த ஹெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வாய் மட்டும் ஓயாது. வண்டி பெட்ரோலில் ஓடுகிறது என்று உலகம் நினைக்கிறது, உண்மையில் காற்றில்தான் ஓடுகிறது என்பார். எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ அவ்வளவுதான் பெட்ரோல் எரியும், அவ்வளவுதான் இழுவை. காற்று உள்ளே போக ஒரு கதவு, புகை வெளியே போக ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பெயர் வால்வு. பழைய மாடல் வண்டிகளில் வால்வு சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். குழாயடியைச் சுற்றி, மாடிப்படி ஏறி, திரும்பி இறங்கி நம் வீட்டுக்கு வருகிற விருந்தாளி மாதிரி, காற்று வளைந்து வளைந்து வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். சேட்டின் வண்டியில் வால்வு தலைக்கு மேலேயே தொங்குகிறது. கூரையைத் திறந்தால் நேரே வீட்டுக்குள்தான். அப்படி இருந்தும் இது ஏன் திணறுகிறது? வாசல் வரைக்கும் வருகிற சந்து சரியில்லை.

அந்தச் சந்துக்கு அவர் போர்ட் என்று பெயர் சொன்னார். என் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னார். மணல் அச்சில் வார்த்தபோது பதிந்த சொரசொரப்பு அப்படியே இரும்பாகி நின்றது. உள்ளே வளைகிற இடத்தில் ஒரு விளிம்பு விரலைக் கீறியது. காற்றுக்கும் இப்படித்தான் கீறும் என்றார். எனக்கு அந்தக் காற்றின் மேல் பாவமாக இருந்தது.

அங்கேயே நின்றிருந்தால் நல்லது. மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. சொரசொரப்பைத் தேய்த்து எடுத்தவர், சந்து அகலமானால் இன்னும் காற்று போகுமே என்று கை டிரில்லில் சாணைக்கல்லை மாட்டிச் சந்து முழுவதையும் குடைந்தார். இரும்புத் தூள் சோற்றில் விழுந்தது என்று அப்பா அந்த வாரத்தில் பேசிய ஒரே வாக்கியத்தைப் பேசினார். குடைந்து முடித்த சந்தோஷத்தில், அம்மாவின் பழைய ஊதுகுழலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காரேஜிலிருந்து தடித்த குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இனி ஒரே ஊதில் அடுப்புப் பற்றிக்கொள்ளும் என்றார்.

சனிக்கிழமை ஹெட்டை வண்டியில் பூட்டினார்கள். சேட்டின் டிரைவர், அவர் நல்ல மனுஷர், யாருக்கும் தெரியாமல் மாமாவை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். சமதளத்தில் விரட்டினால் வண்டி பறந்ததாம். சயான் பாலத்து ஏற்றத்தில் வேகம் குறைந்து இஞ்சின் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்ததும் இருமி, முக்கி, நடுப்பாலத்தில் நின்றுவிட்டதாம். பின்னால் வந்தவர்கள் வைத வசவு நாலு பாஷையில் இருந்தது என்றார். முன்னாலாவது முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. குடைந்த இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். செம்பூருக்கு ஆள் அனுப்பி உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார். அம்மாவுக்கு அடுப்புப் பற்றவில்லை. கண்ணில் நீர் வர அந்தத் தடித்த குழாயில் ஊதிக்கொண்டிருந்தாள். சாம்பல் சோம்பலாக எழும்பி மறுபடி படுத்தது. கடைசியில் குழாயைத் தூக்கி மாமாவின் பக்கம் எறிந்தாள்.

"மூதி, வாய் அகலமா இருந்தா காத்து கூடுமால? உனக்கு இருக்க வாய்க்கு இந்நேரம் பம்பாயே பத்தியிருக்கணும். என் பழைய குழலை எடு."

பழைய குழலில் இரண்டு ஊதுதான். அடுப்பு பற்றிக்கொண்டது.

மாமா கொஞ்ச நேரம் அந்தத் தீயைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். தடித்த குழாயை என் உள்ளங்கைக்கு நேரே வைத்து ஊதினார். மாடு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. மெல்லிய குழலில் ஊதினார். காற்று ஊசி மாதிரி இறங்கியது. மறுபடி அது, மறுபடி இது. என் கை வலித்துக் கீழே இறங்கும்போதெல்லாம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒரே வாய், ஒரே மூச்சு, காற்றும் ஒன்றுதான். சந்து அகலமானதும் ஓட்டம் செத்துப்போகிறது. ஏற்றத்தில் இஞ்சின் மெதுவாக மூச்சிழுக்கும்போது காற்றுக்கு வேகம் இல்லை, அதனால் பெட்ரோலைத் தூக்கிக்கொண்டு வர வலுவில்லை, பெட்ரோல் வழியிலேயே சுவரில் ஒட்டி வடிந்துவிட்டது. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் உடனிருந்து கேட்டேன்.

மறுநாள் மாமா சைக்கிளில் குர்லாவுக்குப் போனார். நடந்து திரும்பி வந்தார். தோளில் சாக்குப்பை. பழைய இரும்புக்கடைகளை நாள் முழுவதும் அலசி, அதே வண்டியின் இன்னொரு ஹெட்டைத் தேடிப் பிடித்திருந்தார். சைக்கிள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

இந்தத் தடவை டிரில் வெளியே வரவில்லை. அரமும், குச்சியில் சுற்றிய உப்புத்தாளும்தான். மணல் சொரசொரப்பை மட்டும் எடுத்தார். வளைவில் இருந்த விளிம்பை மழித்து, வால்வு உட்காருகிற இடத்துக்கு மேலே காற்று வழுக்கிக்கொண்டு திரும்புகிற மாதிரி செய்தார். காற்றையும் பெட்ரோலையும் கலக்குகிற கார்புரேட்டரிலிருந்து வருகிற குழாயின் வாயும் சந்தின் வாயும் நூலளவுகூட முன்பின் இல்லாமல் சேர்கின்றனவா என்று காகிதம் வெட்டி வைத்துப் பார்த்தார். அகலத்தைத் தொடவே இல்லை. சாயங்காலங்களில் ஒரு பீடியைப் பற்றவைத்துச் சந்துக்குள் புகையை ஊதுவார். புகை எங்கே சுழல்கிறதோ அங்கே மறுபடி உப்புத்தாள். வீட்டுக்குள் பீடியா என்று அம்மா கேட்டதற்கு, "வேலைக்காகத்தான் குடிக்கேன் எக்கா" என்றார். அந்த ஐந்து நாளில் அவர் மலபார் ஹில்லைப் பற்றியோ மிஸ்திரியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத மாமாவை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை செம்பூர்க்காரர் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தடித்த ஆள், எதையும் நேராகப் பார்த்துக் கேட்கிற கண். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவரைக் காரேஜுக்கு அழைத்துப் போனாள். அங்கே வண்டி தயாராக நின்றது. சேட்டும் இருந்தார். மாமா ஹெட்டைப் பூட்டிவிட்டேன் என்று சொன்னதும், வெறும் வண்டியை யார் வேண்டுமானாலும் ஏற்றுவார்கள், பாரத்தோடு ஏறட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார் சேட்டு. பாரத்துக்கு ஆள் தேடிய அவர் கண்ணில் செம்பூர்க்காரர் பட்டார். வாங்க, உட்காருங்க என்று கையைப் பிடித்துப் பின்சீட்டில் ஏற்றினார். மாப்பிள்ளை பார்க்க வந்த மனுஷர் மூட்டையானார். அவருக்குப் பக்கத்தில் அம்மா, அம்மா மடியில் நான். முன்னால் டிரைவரும் சேட்டும் மாமாவும் நெருக்கிக்கொண்டு.

கடற்கரையை ஒட்டிப் போகும்வரை எனக்கு எதுவும் நினைவில்லை. ஏற்றம் தொடங்கியதும் மாமாவின் கையை மட்டும் பார்த்தேன். ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்தது. டிரைவர் கியர் தடி மேல் கையை வைத்தார். வழக்கமாக அந்த இடத்தில் இரண்டாவதுக்கு இறக்கி, அப்புறம் முதலாவதுக்கு இறக்கி, அப்புறமும் முக்க வேண்டியிருக்குமாம். சேட்டு அந்தக் கையைத் தட்டிவிட்டார். மூன்றிலேயே போ என்றார். வண்டி ஒரு தடவை மூச்சை இழுத்தது. எனக்கு உள்ளங்கையில் ஊசி குத்தியது, சத்தியமாகக் குத்தியது. பிறகு இருமல் இல்லை, முக்கல் இல்லை. மரங்களும் பெரிய பெரிய வீடுகளும் கீழே இறங்கிக்கொண்டே வந்தன. உச்சியில் வண்டி நின்றபோது கடல் முழுசும் தெரிந்தது. மாமாவின் கை ஜன்னலை விட்டு எடுபட மறுத்தது.

சேட்டு இறங்கி, முன்மூடியின் மேல் கையை வைத்துக் குதிரையைத் தட்டுகிற மாதிரி தட்டினார். மாமாவைப் பார்த்து, "ஏ மதராஸி, கல் ஸே சாபி தேரே பாஸ்" என்றார். காரேஜ் சாவி ஹெட் மிஸ்திரியிடம்தான் இருக்கும். அது நாளையிலிருந்து உன்னிடம் என்று அர்த்தம்.

என் உயிர் திரும்பி வந்த வேகத்தில் மறுபடி போயிற்று. ஏனென்றால் செம்பூர்க்காரருக்கும் ஹிந்தி தெரியும்.

அவர் அம்மா பக்கம் மெதுவாகத் திரும்பினார். "நாளையில இருந்துன்னு சொல்லுதாரே. அப்போ இன்னைக்கு வரைக்கும் சாவி யார்ட்ட இருந்துச்சு?"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "பழைய மிஸ்திரிட்ட, அண்ணாச்சி. அவுக இன்னைக்குத்தான் குடுத்திட்டுப் போறாவ. வண்டியில ஏறி வந்தியளே, எப்படி இருந்துச்சு?"

அவர் வண்டியைப் பார்த்தார், ஏறி வந்த ரோட்டைப் பார்த்தார், ஜன்னலிலிருந்து இன்னும் கையை எடுக்காத மாமாவைப் பார்த்தார். "அலுங்காம வந்துச்சு" என்றார். அதற்கு மேல் சாவியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது.

பின்னால் மாமா செம்பூரில் சொந்தமாகவே காரேஜ் வைத்தார். ஏற்றத்தில் திணறுகிற வண்டி என்றால் பூனா பக்கமிருந்துகூடத் தேடி வந்தார்கள். அதை யாரிடமும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர் எங்கள் வீட்டுப் பலகைக்கு இரண்டாவது ஆணியையும் அடித்தார். குடைந்து கெட்டுப்போன ஹெட் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. அம்மா அதைத் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் வைத்திருந்தாள். குடம் அசையாமல் நிற்கும்.

பல வருஷம் கழித்து, அந்த அறையைக் காலி செய்த அன்று, நானும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அந்த இரும்பைத் தூக்கினோம். எனக்கு நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. அன்றைக்கு நான் தப்பாகச் சொன்னதால்தானே மாமாவுக்கு அவ்வளவு பாடு, சைக்கிள் போயிற்று, எல்லோருக்கும் முன்னால் தலைகுனிய இருந்தார் என்று அழுதேன்.

அம்மா இரும்பைக் கீழே வைத்தாள். "ஏட்டி, மூணு வருஷம் அவன் சட்டையில கரி கழுவினவ நான். தூக்கத்துலகூட ஹெட்டு, போர்ட்டு, வால்வுன்னு பினாத்துவான். எனக்கு ஹெட்டு தெரியாதா? அவன் ஒரு காரியத்தையாவது முடிக்கணுமே."

கல் பொறுக்குகிறவள் அன்றைக்கு என் வார்த்தையையும் பொறுக்கிப் பார்த்திருக்கிறாள். ஆக்கிட்டானா, குடுத்துட்டானா என்று இரண்டு தடவை கேட்டு, எது கல் என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் ரவை டப்பாவை எடுத்திருக்கிறாள். அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்ற ஒன்பது வயசுக்கு அது எங்கே தெரியும்.